ஜக்கின் வெளிப்பக்கத்துத் தண்ணீர்

என் நாத்தனாரிடம் மணி என்ன என்று கேட்டால்கூட நேராகப் பதில் வராது. "வெளிச்சத்தப் பாத்தா எத்தனை இருக்கும்னு தோணுது, அண்ணி?" என்பாள். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும்போது இப்படி ஒரு கேள்வி வந்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்கும் அதுதான் தோன்றும். ஆனால் கணவருக்கு ஒரே தங்கை. மாடி அறையில் எங்களோடு இருப்பவள். எனக்குக் காய்ச்சல் வந்தால் சொல்லாமலே சமையலை எடுத்துக்கொள்பவள். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நானே போய்க் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

அவள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு ஆசிரியை. நான் வீட்டு முன்னறையில் ட்யூஷன் எடுக்கிறேன். அவள் வகுப்பில் பாதிப் பேர் சாயங்காலம் என்னிடம்தான் வருகிறார்கள், என் பெண் உட்பட. பகலில் அவள் கலைத்துப் போட்டதை மாலையில் நான் மடித்து வைக்கிறேன் என்று கணவரிடம் சொல்வேன். அவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார். தங்கைக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதருக்குச் செய்தித்தாள் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் போதாது.

ஆசிரியப் பயிற்சியில் அவளுக்கு ஒரு கொள்கை தலைக்கேறிவிட்டது. அறிவை யாரும் யாருக்கும் எடுத்துக் கொடுத்துவிட முடியாதாம். குழந்தைக்கு ஏற்கெனவே ஒரு நினைப்பு இருக்குமாம். அது தப்பாகக்கூட இருக்கலாமாம். புதிதாகப் பார்ப்பதை அந்தப் பழைய நினைப்போடு உரசிப் பார்த்து, குழந்தை தானே தன் அறிவைக் கட்டிக்கொள்ளுமாம். ஆசிரியர் சாமானைக் கொடுக்க வேண்டும், கட்டியது நிற்கிறதா என்று அவர்களையே அசைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதானாம். நான் இதற்குக் கொத்தனார் படிப்பு என்று பேர் வைத்தேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "நல்ல பேருதான் அண்ணி" என்று சிரித்தாள். அதுவே எனக்கு எரிச்சல்.

ஆனால் விஷயம் சிரிப்பாக இல்லை. அவளுக்குத் தற்காலிக வேலைதான். இந்த வருஷம் நிரந்தரமாக வேண்டும். தலைமையாசிரியை ஒரு பாடத்தை முழுதாக உட்கார்ந்து பார்ப்பார். கூடப் பெற்றோர் சார்பில் இருவர். திருப்தி என்றால் நிரந்தரம். இல்லையென்றால் ஆண்டு விடுமுறையோடு வேலையும் முடிந்தது. "டீச்சர் பதிலே சொல்றதில்லையாம்" என்று ஏற்கெனவே இரண்டு வீட்டிலிருந்து புகார் போயிருந்தது.

"வேலை போனா என்ன? உன்கூடச் சேந்து ட்யூஷன் எடுக்கட்டுமே" என்றார் கணவர், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

என் முன்னறையில் அவளா? வாய்ப்பாடு ஒப்பிக்க வந்த பிள்ளைகளிடம் அவள் கேள்வி கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் என் ட்யூஷன் ஒரு மாதம் தாங்காது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பிறந்த வீட்டிலும் அண்ணன் வீட்டிலுமாகவே இருந்துவிட்ட பெண். தன் சம்பளத்தில் தனக்கென்று ஒரு ஜன்னலும் ஒரு சாவியும் வேண்டும் என்று எத்தனையோ நாளாக ஆசைப்படுகிறாள். அது கிடைக்க வேண்டும் என்று நானும் மனசார நினைத்தேன். இரண்டு காரணத்தில் எது பெரிது என்று என்னைக் கேட்காதீர்கள்.

பாடம் பார்க்க வருவதற்கு முதல் நாள் மாலை, ட்யூஷனுக்கு வந்த பிள்ளைகள் புத்தகத்தைத் திறக்காமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஜக்குல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கு" என்றான் மருந்துக்கடைக்காரர் மகன். அவன் வாதாடும் அழகுக்கு வகுப்பே அவனுக்கு வக்கீல் என்று பேர் வைத்திருந்தது.

"ஓட்டை இருந்தா சிவப்பா வந்திருக்கணும்ல?" என்றாள் என் பெண்.

"இரும்பு சிவப்பை வடிகட்டிடும்."

"என்னடா கூத்து இது?" என்றேன்.

விஷயம் இதுதான். நாலைந்து நாளாக வகுப்பில் ஒரே சங்கதி. எவர்சில்வர் ஜக்கில் ஐஸ் தண்ணீர் ஊற்றி வைத்தால் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்க்கிறது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? உள்ளேயிருந்து கசிகிறது என்று முக்கால்வாசிப் பேர். சரி, அதை எப்படிச் சோதிக்கலாம் என்று என் நாத்தனார் கேட்டிருக்கிறாள். அவர்களே யோசித்து, உள்ளே சிவப்பு மை கலந்திருக்கிறார்கள். வெளியே வந்த துளியோ பளிங்குபோல் வெள்ளை. அத்தோடு விட்டார்களா? உலோகம் சாயத்தை வடிகட்டிவிடுகிறது என்று வக்கீல் கட்சி கட்டிவிட்டான். துணியில் வடிகட்டிப் பார்த்தார்கள். சாயம் போகவில்லை. "துணி ஓட்டை பெருசு, இரும்பு ஓட்டை சிறுசு" என்று அதற்கும் பதில் வைத்திருந்தான். இன்னொரு பெண், ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பேர் வாங்கியவள், குளிர்ச்சியே கெட்டியாகித் தண்ணீராக மாறுகிறது என்று தனிக்கடை போட்டிருந்தாள்.

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"எல்லாம் நல்ல யோசனைதான், நாளைக்கு இன்னொண்ணு செஞ்சு பாப்போம்னாங்க."

நாளைக்கு! தலைமையாசிரியை வந்து உட்காரும் நாளைக்கு, இந்தப் பிள்ளைகள் இரும்பு சிவப்பை வடிகட்டும் என்று முழங்கப் போகின்றன. மாடிக்குப் போய்ச் சொன்னால் கேட்கப்போவதில்லை. அவள் வழி அவளுக்கு; என் வழி எனக்கு.

"எல்லாரும் நோட்டை எடுங்க" என்றேன்.

சொல்லச் சொல்ல எழுதினார்கள். 'குளிர்ந்த பாத்திரத்தின் வெளிப்புறத்தில் படியும் நீர்த்துளிகள், காற்றிலுள்ள நீராவி குளிர்வதால் உண்டாகின்றன. இந்நிகழ்ச்சி ஆவி சுருங்குதல் எனப்படும்.' வருஷக்கணக்காக நான் சொல்லிக்கொடுக்கும் வாக்கியம். தூக்கத்தில் எழுப்பினாலும் கமா மாறாமல் வரும். ஆளாளுக்கு ஒப்பிக்க வைத்தேன். வக்கீல்கூட மறுபேச்சில்லாமல் ஒப்பித்தான். சண்டை நின்றது, அறை அமைதியானது, எனக்கும் நிம்மதி. "நாளைக்கு யார் கேட்டாலும் இதைச் சொல்லுங்க. மத்த பிள்ளைங்களுக்கும் காலையில சொல்லிக் குடுத்துடுங்க" என்று அனுப்பிவைத்தேன்.

மறுநாள் காலை சமையலறையில் எடைத் தராசைக் காணோம். இருக்கும் வேலை போதாதென்று அதை வேறு தேடினேன். பெற்றோர் சார்பில் போக வேண்டிய இருவரில் நானும் ஒருத்தி, இன்னொருவர் மருந்துக்கடைக்காரர். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். மழை வரப்போகும் புழுக்கம். நடந்து போவதற்குள் முதுகு நனைந்துவிட்டது.

வகுப்பறையில் பெஞ்சுகள் வரிசையாக இல்லை; நாலு நாலு பேராக எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் அவர்கள் வரைந்த ஜக்குகள். ஒரு ஜக்கில் ஓட்டைகள், ஒரு ஜக்கில் வடிகட்டி, ஒன்றில் வெளியே அம்புக்குறி. தப்பான படங்களையெல்லாம் இவள் ஏன் ஒட்டி வைத்திருக்கிறாள் என்று எனக்குப் பதைத்தது. தலைமையாசிரியை பின்னால் நாற்காலியில், மடியில் படிவத்தோடு. அவர் பக்கத்தில் நாங்கள் இருவர். மேசைமேல் வட்டத் தட்டு, அதன்மேல் ஐஸ் தண்ணீர் நிரம்பிய ஜக்கு, இறுக்கமாக மூடி. தட்டுக்குக் கீழே என் சமையலறைத் தராசு. முறைத்தேன். அவள் என் பக்கம் பார்க்கவில்லை.

"நேத்து எங்க விட்டோம்?" என்று என் நாத்தனார் ஆரம்பித்தாள். "இந்த வெளிப்பக்கத் தண்ணி எங்கருந்து வருதுன்னு யார் என்ன நெனைக்கிறீங்க?"

அத்தனை கைகளும் உயர்ந்தன. அவளே திடுக்கிட்டுப் போனாள். வக்கீலைக் கைகாட்டினாள்.

"குளிர்ந்த பாத்திரத்தின் வெளிப்புறத்தில் படியும் நீர்த்துளிகள், காற்றிலுள்ள நீராவி குளிர்வதால் உண்டாகின்றன. இந்நிகழ்ச்சி ஆவி சுருங்குதல் எனப்படும்."

ரேடியோ எழுந்தாள். அதே வாக்கியம். அடுத்தவன். அதே வாக்கியம், அதே கமா. தலைமையாசிரியையின் முகம் மலர்ந்தது. பேனாவால் படிவத்தில் ஏதோ குறித்தார். "ரொம்ப அருமையா தயார் பண்ணிருக்காங்க" என்று என் காதில் சொன்னார். "புகார் வந்ததே, நானும் பயந்துதான் போனேன். இது போதும்." அவர் பேனாவை மூடும் சத்தம் கேட்டது. மருந்துக்கடைக்காரர் தன் மகனைப் பார்த்துப் பூரித்துப் போயிருந்தார். எனக்கு அந்தக் கணத்தில் உச்சி குளிர்ந்தது. ஜன்னலும் சாவியும் வந்த மாதிரிதான்.

என் நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளைகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னை. கண்டுபிடித்துவிட்டாள். அப்படியே விட்டுவிடம்மா, மகராசி, என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

"சரி" என்றாள். "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. அப்போ இதுவும் தெரிஞ்சிருக்கும். இப்போ ஜக்கை நல்லாத் துடைச்சிட்டேன். வெளிய சொட்டுத் தண்ணி இல்ல. தராசு காட்டுற எடையைப் பலகையில எழுதியாச்சு. கொஞ்ச நேரத்துல வெளிய தண்ணி பூக்கும். பூத்த தண்ணியத் தொடக் கூடாது, துடைக்கக் கூடாது. கீழ வடிஞ்சாலும் தட்டுலதான் நிக்கும். அப்போ எடை கூடியிருக்குமா, குறைஞ்சிருக்குமா, அப்படியே இருக்குமா? பேசி முடிவு பண்ணிட்டுக் கை தூக்குங்க. பின்னாடி இருக்கிறவங்களும் தூக்கலாம்."

எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. கையில் வந்து விழுந்ததை எட்டி உதைக்கிறாளே! தலைமையாசிரியை மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.

பிள்ளைகள் கசகசவென்று பேசிக்கொண்டார்கள். குறையும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது வகுப்பில் பெரும்பாலானோர் தூக்கினார்கள். காற்றிலிருந்து வருகிறது என்று இப்போதுதான் மணிமணியாக ஒப்பித்த அதே வக்கீல், அதே ரேடியோ. அப்படியே இருக்கும் என்று நாலைந்து பேர். கூடும் என்று ஒரு கைகூட இல்லை.

அப்போதுதான் கவனித்தேன். குறையும் என்றபோது என் கையும் உயர்ந்திருந்தது. யோசித்துத் தூக்கவில்லை. தானாகவே போயிருக்கிறது. பக்கத்தில் தலைமையாசிரியையின் கையும் தோள்வரை வந்து, அவர் என்னைப் பார்த்ததும், முடியைச் சரிசெய்வதுபோல் மேலே போனது.

காத்திருந்தோம். ஜக்கின் பக்கங்கள் மெல்ல மங்கின. பனி படிந்த மாதிரி ஆகி, புள்ளிகளாகி, புள்ளிகள் சேர்ந்து துளிகளாயின. ஒரு துளி வழுக்கிக்கொண்டு தட்டில் இறங்கியது. பிள்ளைகள் மேசையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். நானும் எழுந்து போய் எட்டிப் பார்த்தேன்.

"ஏறுது!" என்று என் பெண் கத்தினாள்.

தராசின் எண் கூடியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஒன்று ஏறியது.

"தராசு ரிப்பேரு" என்றான் வக்கீல்.

என் தராசை ரிப்பேர் என்கிறானே என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நானும் அதைத்தான் நினைத்தேன். ஒரு புத்தகத்தை வைத்துப் பார்த்தார்கள், எடுத்தார்கள், மறுபடி வைத்தார்கள். தராசில் பழுதில்லை. வகுப்பே குழம்பிவிட்டது. குளிர்ச்சிக்கு எடை உண்டு என்றாள் ரேடியோ. மூடி வழியாக ஏதோ போகிறது என்றான் ஒருவன். ஒப்பித்த வாக்கியம் யார் வாயிலும் வரவில்லை.

தலைமையாசிரியை எழுந்தார். முகத்தில் பழைய மலர்ச்சி இல்லை.

"டீச்சர், நான் தப்பா சொல்றேன்னு நெனைக்காதீங்க. பாடம் ஆரம்பிக்கும்போது எல்லாருக்கும் பதில் தெரிஞ்சிருந்தது. முடியப்போற நேரத்துல யாருக்கும் தெரியல. இதை நான் படிவத்துல எப்படி எழுதுறது?"

என் நாத்தனார் வாயைத் திறந்தாள், மூடினாள். அவள் என்னைக் காட்டிக் கொடுக்கப்போவதில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது. அண்ணிதான் எழுதிக் கொடுத்தாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல மாட்டாள். பக்கத்தில் மருந்துக்கடைக்காரர் நிற்கிறார்; அவர் பிள்ளை என் ட்யூஷன் பிள்ளை. அவர் போய்ச் சொன்னால் ஊரே என் ட்யூஷனைப் பற்றிப் பேசும். அவளுடைய வேலை போனாலும் போகும், என் பிழைப்பில் மண் விழக்கூடாது என்று நிற்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. நல்லவர்கள்மேல் வருகிற கோபம் இருக்கிறதே, அதற்கு மருந்தே இல்லை.

"மேடம்" என்றேன். "ஆரம்பத்துலயும் அவங்களுக்குத் தெரியாது. நேத்து சாயங்காலம் நான்தான் எழுதிக் குடுத்தேன். அவங்க என் வாக்கியத்தைச் சொன்னாங்க, அவ்வளவுதான்."

மருந்துக்கடைக்காரர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"எனக்கும் தெரியாது" என்றேன். ஆரம்பித்தாயிற்று, இனி என்ன. "நானும் குறையும்னுதான் கை தூக்கினேன்."

யாரும் சிரிக்கவில்லை. என் நாத்தனார் என் பக்கத்தில் வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏன் குறையும்னு நெனச்சீங்க, அண்ணி?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள். என் வாழ்நாளில் நான் சொன்ன தப்பான பதிலுக்கு யாரும் என்னிடம் ஏன் என்று கேட்டதில்லை. அடி வாங்கியிருக்கிறேன், கோழிமுட்டை வாங்கியிருக்கிறேன். ஏன் என்ற கேள்வியை வாங்கியதில்லை. பிள்ளைகளும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள இருக்கிற தண்ணிதான வெளிய வருது" என்றேன். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. இத்தனை வருஷமாக நீராவி நீராவி என்று எழுதிப்போட்டவள், உள்ளுக்குள் ஜக்கு கசிகிறது என்றுதான் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். "வெளிய வந்தா உள்ள குறையும். அதனால எடை குறையும்."

"ஆன்ட்டி, ஆனா..." என்றான் வக்கீல். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஜக்கைப் பார்த்தான். தன் கட்சிக்கே எதிராக வாதாடப்போகிறோம் என்ற சங்கடம் அவன் முகத்தில் தெரிந்தது. "வெளிய வந்தாலும் அது ஜக்குமேலதான ஒட்டிட்டிருக்கு? கீழ விழுந்தாலும் தட்டுல இருக்கு. எல்லாமே தராசுமேலதான். அப்போ குறையாது. அப்படியேதான் இருக்கணும்."

"ஆனா கூடிருக்கே" என்றாள் என் பெண்.

"அதான். கூடிருக்கு."

என் தலைக்குள் ஏதோ நகர்ந்தது. பழைய பெட்டி ஒன்றை இடம் மாற்றினால் அடியில் தரை தெரியுமே, அந்த மாதிரி.

"கசிஞ்சா அப்படியே இருக்கணும்" என்றேன், எனக்கே சொல்வதுபோல. "கூடிருக்குன்னா... தராசுமேல இல்லாத எதுவோ புதுசா வந்து சேந்திருக்கு. வெளியருந்து. ஜக்கைச் சுத்தி வேற எதுவுமே இல்லியே. காத்துதான இருக்கு?"

சொல்லிவிட்டு நானே விரல்களைக் காற்றில் நீட்டிப் பார்த்தேன். பைத்தியம் மாதிரிதான் இருந்திருப்பேன். நாலைந்து பிள்ளைகளும் கையை நீட்டிப் பார்த்தார்கள்.

"அப்போ சுத்தி காத்தே இல்லாம பண்ணிட்டா வராதா?" என்றாள் ரேடியோ. "பிளாஸ்டிக் பையில போட்டு இறுக்கிக் கட்டிட்டா?"

"வரக் கூடாது" என்றான் வக்கீல். "வந்தா ஆன்ட்டி தோத்தாங்க."

மணி அடித்தது. ஒருவரும் நகரவில்லை. பை எங்கே கிடைக்கும், எவ்வளவு பெரிது வேண்டும் என்று ஒரே கூச்சல். தலைமையாசிரியை படிவத்தைப் பார்த்தார், ஜக்கைப் பார்த்தார், நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அடுத்த பீரியட் யாருது?" என்று கேட்டார்.

"கணக்கு மேடம். நான்தான் எடுக்கணும்."

"கணக்கு எங்கயும் போயிடாது. பையைக் கட்டுங்க."

கட்டினார்கள். ஜக்கைத் துடைத்து, பையில் போட்டு, காற்றையெல்லாம் அழுத்தி வெளியே தள்ளி, கழுத்தில் நூல் சுற்றி இறுக்கினார்கள். பக்கத்திலேயே பை இல்லாமல் இன்னொரு ஜக்கு. பை இல்லாதது சொட்டச் சொட்ட நனைந்தது. பையைப் பிரித்தபோது தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கையை விட்டுத் தடவினார். பைக்கு வெளிப்பக்கம், காற்று பட்ட இடம், நனைந்திருந்தது; உள்ளே ஜக்குமேல் லேசான ஈரம், அவ்வளவுதான். பையைப் பிரித்த கொஞ்ச நேரத்தில் அதுவும் வியர்க்க ஆரம்பித்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இனி பெயர் வைத்தாலும் ஒட்டும் என்று என் நாத்தனார் அப்போதுதான் 'ஆவி சுருங்குதல்' என்று பலகையில் எழுதினாள்.

"நாளைக்கு ஆபீசுக்கு வாங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியை. "நிரந்தர உத்தரவு டைப் பண்ணச் சொல்றேன்." கிளம்பும்போது என் பக்கம் குனிந்து, "நானும் குறையும்னுதான் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

மருந்துக்கடைக்காரர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் போனார். அடுத்த வாரம் அவர் மகன் ட்யூஷனுக்கு வரமாட்டான் என்று தெரிந்துவிட்டது. போகட்டும்.

தாழ்வாரத்தில் நாங்கள் இருவரும் மட்டும் நின்றோம். வெளியே மழை பிடித்துவிட்டது. என் தராசைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"ஏம்மா, பிள்ளைங்க ஒப்பிச்சப்பவே வேலை கிடைச்சாச்சு. பேனாவைக்கூட மூடிட்டாங்க. பேசாம இருந்திருக்கலாம்ல? எதுக்கு அதைப் பணயம் வச்சே?"

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"அது எனக்குக் கிடைச்ச வேலை இல்ல அண்ணி. உங்க வாக்கியத்துக்குக் கிடைச்சது. வாங்கியிருந்தா அந்த வாக்கியத்தைத்தான் கடைசி வரைக்கும் சொல்லிட்டிருக்கணும்."

அந்த வாக்கியத்தை நான் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். அதில் எத்தனை பேர் இன்னும் ஜக்கு கசிகிறது என்றே நம்பிக்கொண்டு எங்கெங்கோ இருக்கிறார்களோ. அவள் கையைப் பிடித்துக்கொண்டு மழை விடும்வரை நின்றேன்.